வெள்ளிக் காசும் கட்டியும் வாங்கிச் சேமிக்கப் போகிறவர்களுக்கு: கடைக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

நான்கு வருடங்களுக்கு முன் ஓர் அட்சய திருதியை அன்று பத்து கிராம் லட்சுமி காசு ஒன்று வாங்கினேன். அப்புறம் கையில் பணம் மிஞ்சிய மாதமெல்லாம் ஒன்று, இரண்டு என்று சேர்த்து முப்பத்தெட்டு காசுகள் ஆயின. போன ஜூன் மாதம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவற்றை விற்கப் போனேன். கடைக்காரர் பிளாஸ்டிக் உறைகளைக் கத்தரியால் வெட்டி, காசுகளை ஒரு தட்டில் கொட்டி, மூன்று குவியலாகப் பிரித்தார். அவர் கடையில் வாங்கியவை ஒரு குவியல். வேறு கடைகளில் வாங்கி 999 என்று தூய்மை முத்திரை இருந்தவை இன்னொரு குவியல். முத்திரையே இல்லாத ஆறு காசுகள் மூன்றாவது. மூன்றுக்கும் மூன்று விலை சொன்னார். பில்லைக் கேட்டார். பையைத் திறந்தால் பாதி பில்கள் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தன. வழவழப்பான அந்தத் தாளில் அச்சு ஒரு வருடத்தில் மங்கிவிடும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அன்று விற்காமல் திரும்பி, இரண்டு நாள் நான்கு கடைகள் ஏறி இறங்கித்தான் ஓரளவு நியாயமான விலைக்கு விற்றேன். வெள்ளி விலை நன்றாக ஏறியிருந்தும், வர வேண்டிய லாபத்தில் பெரும்பகுதி செய்கூலியிலும் கழிவிலும் போயிருந்தது. அதற்குப் பிறகு விசாரித்து, கணக்குப் போட்டு, மறுபடியும் வாங்கத் தொடங்கியிருக்கிறேன். இந்தத் தடவை எந்த வரிசையில் செய்கிறேனோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

1. எத்தனை வருடப் பணம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை வெள்ளியில் போடாதீர்கள். வெள்ளி விலை தங்கத்தை விட வேகமாக ஏறும், அதே வேகத்தில் இறங்கும். 2011 ஏப்ரலில் கிலோ 70,000 ரூபாயைத் தாண்டிய வெள்ளி, 2015 கடைசியில் 35,000 பக்கம் வந்து நின்றது. பழைய விலையை மறுபடி தொட 2020 வரை ஆனது. உச்சத்தில் வாங்கியவர் ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. கல்யாணம், கட்டணம், வீட்டு முன்பணம் என்று தேதி குறித்த செலவுக்கு இது ஏற்ற இடம் இல்லை.

கையில் தொட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இல்லை, விலை ஏற்றம் மட்டும் போதும் என்றால் சில்வர் ஈ.டி.எஃப். இருக்கிறது. வெள்ளியை வாங்கி வைத்து, அதைப் பங்குச் சந்தையில் யூனிட்டுகளாக விற்கும் ஃபண்ட் அது. பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் டீமேட் கணக்கு வேண்டும். செய்கூலி கிடையாது, வாங்கும்போது ஜி.எஸ்.டி. கிடையாது, லாக்கர் தேவையில்லை. ஆனால் அங்கேயும் ஒரு கவனம் வேண்டும். வெள்ளிக்குத் தட்டுப்பாடு வரும் நேரத்தில் யூனிட்டின் விலை, உள்ளே இருக்கும் வெள்ளியின் மதிப்பை விட அதிகமாகப் போய்விடும். 2025 அக்டோபரில் அப்படி ஆனபோது சில ஃபண்ட் நிறுவனங்கள் தங்கள் வெள்ளி ஃபண்டுகளில் ஒரே தவணையாகப் பெரிய தொகை வாங்குவதை நிறுத்தி வைத்தன. வாங்கும் அன்று அந்த ஃபண்டின் நிகர மதிப்பையும் சந்தை விலையையும் ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

செயலியில் பத்து ரூபாய்க்குக்கூட விற்கும் ‘டிஜிட்டல்’ வெள்ளி வேறு வகை. டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்பில் வராது என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரித்தது. அதே வழியில் விற்கப்படும் வெள்ளியிலும் நான் பணம் போடமாட்டேன்.

சரி, கையில் வெள்ளிதான் வேண்டும் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

2. காசா, கட்டியா?

சேமிப்புக்கு என்றால் என் பதில் கட்டி. 100 கிராம் கட்டி முடியாவிட்டால் 50 கிராம். பத்து கிராம், ஐந்து கிராம் காசுகளைப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கவும் பூஜையில் வைக்கவும் வாங்குங்கள். அவற்றைச் சேமிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். சின்னக் காசு ஒவ்வொன்றுக்கும் தனியாக அச்சு, உறை, செய்கூலி உண்டு. எடை குறையக் குறைய ஒரு கிராமுக்கு நீங்கள் தரும் கூடுதல் தொகை ஏறிக்கொண்டே போகும். ஒரேயடியாக ஒரு கிலோ கட்டி வாங்குவதும் புதிதாக வருபவர்களுக்கு வேண்டாம். அவசரத்துக்கு அதில் பாதியை மட்டும் விற்க முடியாது.

காசு பக்கம் சாயும் ஒரே காரணம் அடமானம். வெள்ளியின் பேரில் கடன் தருவது பற்றி ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புதிய விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லாரும் அவற்றுக்கு மாற வேண்டும் என்றும் சொன்னது. அதன்படி ஒருவர் 10 கிலோ வரை வெள்ளி நகையையும் 500 கிராம் வரை வெள்ளிக் காசையும் அடகு வைக்கலாம். கட்டிக்குக் கடன் கிடையாது. எல்லா வங்கியும் வெள்ளியை வாங்கி வைத்துக்கொள்ளும் என்று இதற்கு அர்த்தம் இல்லை; உங்கள் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரக் கடனுக்கும் வெள்ளி உதவ வேண்டும் என்று நினைப்பவர்கள், 50 கிராம் காசுகளாகப் பத்து வரை வைத்துக்கொண்டு மீதியைக் கட்டியாக வாங்கலாம்.

சேமிப்பு என்று நினைத்துப் பலர் வாங்கி ஏமாறும் மூன்று பொருள்கள்:

கொலுசு, குத்துவிளக்கு, தட்டு. இவற்றில் செய்கூலியும் சேதாரமும் அதிகம். தூய்மையும் கடைக்குக் கடை வேறு. கொலுசுத் தொழிலில் ‘டச்’ என்று ஒரு பேச்சு உண்டு. 80 டச் என்றால் நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி. நீங்கள் முழு எடைக்கும் வெள்ளி விலை கொடுத்திருப்பீர்கள். விற்கும்போது எண்பது பங்குக்குத்தான் பணம் வரும்.

அரசு வெளியிடும் நினைவு நாணயங்கள். அழகானவை, சேகரிப்பவர்களுக்கு ஏற்றவை. ஆனால் பலவற்றில் வெள்ளி பாதிதான். 2023-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்காக வந்த 75 ரூபாய் நாணயம் 35 கிராம் எடை. அதில் 50 சதவீதம் வெள்ளி, 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். வெள்ளிக் கணக்கில் பார்த்தால் அது பதினேழரை கிராம்.

பழைய வெள்ளி ரூபாய்கள். விக்டோரியா ராணி, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய் 11.66 கிராம் எடையும் சுமார் 91.7 சதவீதம் வெள்ளியும் கொண்டது. 1940 முதல் 1945 வரை அச்சான ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி 50 சதவீதம்தான். எடை அதேதான், பார்வைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வருடத்தைப் பார்க்காமல் வாங்கினால் பாதிப் பணம் போய்விடும். தவிர, இவற்றில் போலிகளும் நிறையப் புழங்குகின்றன. பாட்டி வீட்டுப் பெட்டியில் இருந்தால் பத்திரமாக வையுங்கள். புதிதாகத் தேடி வாங்க வேண்டாம்.

3. விலையைப் பிரித்துக் கேளுங்கள்

செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் வரும் விலை வெறும் வெள்ளியின் விலை. அதில் செய்கூலி இல்லை, ஜி.எஸ்.டி. இல்லை. கடையில் “பத்து கிராம் காசு எவ்வளவு?” என்று கேட்டால் எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது. இப்படிக் கேளுங்கள்: “இன்றைக்கு கிராம் என்ன ரேட் போடுகிறீர்கள்? இந்தக் கட்டிக்குச் செய்கூலி எவ்வளவு? ஜி.எஸ்.டி.யோடு மொத்தம் எவ்வளவு?”

கணக்கு எளிதாக இருக்க ஒரு கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செய்கூலித் தொகையும் உதாரணத்துக்குத்தான்.

பத்து கிராம் காசுக்கு வெள்ளி 2,000 ரூபாய், செய்கூலி 180 ரூபாய், இரண்டும் சேர்ந்த தொகைக்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 65 ரூபாய் 40 பைசா. ஆக 2,245 ரூபாய் 40 பைசா. பத்துக் காசு வாங்கினால் 22,454 ரூபாய்.

அதே 100 கிராமை ஒரே கட்டியாக வாங்கினால் வெள்ளி 20,000, செய்கூலி 500, ஜி.எஸ்.டி. 615. ஆக 21,115 ரூபாய்.

எடை ஒன்றுதான், தூய்மை ஒன்றுதான். வித்தியாசம் 1,339 ரூபாய். என் முப்பத்தெட்டு காசுகளில் போனது இந்தப் பணம்தான்.

கார்டில் கட்டினால் இரண்டு சதவீதம் கூடுதல் என்று சில கடைகளில் கடைசி நிமிடத்தில் சொல்வார்கள். அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

4. வாங்கும் முன்பே திரும்ப எடுக்கும் விலையைக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன் கவுன்ட்டரில் நின்று கேளுங்கள்: “இதே கட்டியை இன்றைக்கே நான் திருப்பிக் கொண்டுவந்தால் எவ்வளவு தருவீர்கள்?” நேராகப் பதில் சொல்லும் கடையில் வாங்கலாம். “அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம், நம்ம கடை தானே” என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டு விஷயங்களைத் தெளிவாகப் பிரித்துக் கேட்க வேண்டும். ஒன்று, பணமாகத் தருவார்களா, இல்லை வேறு நகையாக மாற்றிக்கொள்ள மட்டும்தானா? “முழு விலைக்கு எடுத்துக்கொள்வோம்” என்று சொல்லும் பல கடைகள் மாற்றுக்குத்தான் அப்படிச் சொல்கின்றன. பணம் என்று கேட்டால் கழிவு தொடங்கும். இரண்டு, கழிவு எந்த விலையிலிருந்து? அன்றைய சந்தை விலையிலிருந்தா, நீங்கள் வாங்கிய விலையிலிருந்தா?

மேலே போட்ட கணக்கைத் தொடர்வோம். கடை அன்றைய விலையில் 3 சதவீதம் கழித்துக்கொண்டு எடுத்தால் 100 கிராமுக்கு 19,400 ரூபாய் கிடைக்கும். கட்டி வாங்கியவர் போட்ட பணத்தை எடுக்க வெள்ளி விலை கிட்டத்தட்ட 9 சதவீதம் ஏற வேண்டும். காசாக வாங்கியவருக்கு 16 சதவீதம் ஏற வேண்டும். வேறு கடைக் காசு என்று 8 சதவீதம் கழித்தால், 22 சதவீதம் ஏறிய பிறகுதான் அவருக்கு அசல் கையில் வரும். கடைக்குக் கடை செய்கூலியில் ஐம்பது, நூறு பேரம் பேசுவதைவிட இந்த இடைவெளியைக் குறைப்பதுதான் பெரிய சேமிப்பு. நான் இப்போது வாங்கும் கடை செய்கூலி கொஞ்சம் கூடுதலாகத்தான் போடுகிறது. ஆனால் தன் பொருளுக்கு 2 சதவீதம் மட்டும் கழித்துக்கொண்டு வங்கிக் கணக்கில் பணம் போடுகிறது. அதைப் பில்லின் பின்புறம் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார்கள். நீங்களும் எழுதி வாங்கப் பாருங்கள்.

5. தூய்மையைச் சரிபாருங்கள்

கட்டியிலும் காசிலும் 999 என்ற எண் இருக்க வேண்டும். ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி என்று பொருள். 925 என்றால் ஸ்டெர்லிங் வெள்ளி; நகைக்கு நல்லது, சேமிப்புக்கு வேண்டாம். எண்ணோடு தயாரித்த ஆலையின் பெயர், எடை, முடிந்தால் கட்டியின் வரிசை எண் இவையும் பொருளின் மீதே பதிந்திருக்க வேண்டும். எம்.எம்.டி.சி.-பேம்ப் போன்ற சுத்திகரிப்பு ஆலைகளின் பொருள் சான்று அட்டைக்குள் மூடி வரும். அந்த அட்டையைப் பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டால், வாங்க வருபவர் மறுபடி சோதித்துத்தான் விலை சொல்வார்.

தங்க நகைக்கு உள்ளது போல வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. கடைக்காரர் விரும்பினால் போடலாம். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி ஹால்மார்க்கிலும் ஆறு எழுத்து, எண் கலந்த ஹெச்.யு.ஐ.டி. குறியீடு வந்திருக்கிறது. உங்கள் பொருளில் அது இருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்தக் குறியீட்டைப் போட்டு, கடையிலேயே நின்று பாருங்கள். திரையில் வரும் தூய்மையும் பொருளின் வகையும் கையில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். “ஹால்மார்க்கெல்லாம் இருக்கு” என்று வாயால் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

பல கடைகளில் பொருளை ஒரு பெட்டிக்குள் வைத்து அரை நிமிடத்தில் சதவீதம் காட்டும் இயந்திரம் இருக்கிறது. அது மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். தடித்த வெள்ளி முலாம் போட்ட செம்புக் கட்டியையும் அது வெள்ளி என்றே காட்டலாம். அதனால்தான் எங்கே வாங்குகிறோம் என்பது முக்கியம்.

6. எங்கே, எப்போது வாங்குவது

சென்னையில் சவுகார்பேட்டை, தங்கசாலைத் தெரு பக்கம் கட்டி விற்கும் மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளித் தொழிலுக்குப் பேர் போனது. மதுரையில் தெற்கு ஆவணி மூல வீதி, கோவையில் ராஜ வீதி. இந்த மாதிரி இடங்களில் கட்டிக்குச் செய்கூலி பொதுவாகக் குறைவு. பெரிய நகைக் கடைகளின் கிளைகளில் கூடுதலாக இருந்தாலும் பில், திரும்ப எடுப்பது போன்றவை ஒழுங்காக இருக்கும். புதிதாகத் தொடங்குபவர் முதல் இரண்டு மூன்று தடவை பெரிய கடையில் வாங்கிப் பழகிவிட்டு மொத்தக் கடைக்குப் போவது நல்லது. தெரிந்தவரின் தெரிந்தவர் சந்தை விலைக்கும் குறைவாகத் தருகிறார் என்று யாராவது சொன்னால் போகவே போகாதீர்கள். நல்ல வெள்ளியைச் சந்தை விலைக்குக் கீழே விற்க யாருக்கும் தேவை இல்லை. எந்தக் கடையில் கொடுத்தாலும் அதற்குச் சந்தை விலையை ஒட்டிய தொகை கிடைக்கும்.

நாளைப் பொறுத்தவரை, அட்சய திருதியையும் தீபாவளிக்கு முந்தைய வாரமும் வேண்டாம். கூட்டத்தில் யாரும் நின்று பதில் சொல்லமாட்டார்கள். கட்டி தீர்ந்துபோய்க் காசை வாங்க வைப்பார்கள். நல்ல நாளில் வாங்கியே ஆக வேண்டும் என்றால் அன்று ஒரு சின்னக் காசு வாங்குங்கள். கட்டியை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.

தங்கம், வெள்ளி போன்ற பொருள்களின் வர்த்தகம் நடக்கும் எம்.சி.எக்ஸ். சந்தை திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குத் தொடங்கி நள்ளிரவை ஒட்டி முடிகிறது. அந்த நாள்களில் கடை விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறலாம். சனிக்கிழமை மாலையிலிருந்து திங்கள் காலை வரை விலை பொதுவாக அசையாது. மூன்று கடைகளில் ஒப்பிட்டு வாங்க ஞாயிற்றுக்கிழமைதான் வசதி.

விலை ஏறுமா இறங்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பதை நான் விட்டுவிட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரே தொகைக்கு, எவ்வளவு வருகிறதோ அவ்வளவு.

கடைகளின் பதினொரு மாதச் சீட்டில் வெள்ளிக்கும் சேரலாம். ஆனால் மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்கிக்கொண்டு சேருங்கள். கட்டும் பணம் அந்தந்த மாத விலையில் எடையாக வரவு வைக்கப்படுமா, பணமாகவே நிற்குமா? முடிவில் கட்டியாகத் தருவார்களா, நகை மட்டும்தானா? நடுவில் நிறுத்தினால் என்ன? அந்தப் பணத்துக்கு வங்கி வைப்புக்கு இருப்பது போன்ற காப்பீடு கிடையாது. கடை மூடினால் நீங்கள் புகார் கொடுத்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். பணம் சின்னதாக இருக்கும்வரை சரி.

7. பில், பான், பணம் கட்டுவது

“ஜி.எஸ்.டி. இல்லாமல் போட்டுத் தரட்டுமா?” என்று கேட்பார்கள். 3 சதவீதம் மிச்சம் என்று தோன்றும். வேண்டாம். எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு பில் ஆகாது. அதை வைத்துக்கொண்டு தரம் குறைவு என்று புகார் சொல்ல முடியாது, வருமான வரிக்கு வாங்கிய விலையைக் காட்ட முடியாது, இன்னொரு கடையில் விற்கப் போனால் ‘இது எங்கிருந்து வந்தது’ என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

பில்லில் இவையெல்லாம் இருக்கின்றனவா என்று கவுன்ட்டரை விட்டு நகரும் முன் படியுங்கள்: கடையின் ஜி.எஸ்.டி. எண், தேதி, உங்கள் பெயர், தூய்மை 999 என்ற குறிப்பு, நிகர எடை, அன்றைய கிராம் விலை, தனி வரியில் செய்கூலி, வரி, வரிசை எண் இருந்தால் அது. ‘வெள்ளிப் பொருள் – 1’ என்று மட்டும் போட்டிருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

ஒரு பில் 2 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பான் எண் தர வேண்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ கடைக்காரர் ரொக்கமாக வாங்கவே கூடாது. பில்லை இரண்டாகப் பிரித்துப் போடுகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் யு.பி.ஐ. அல்லது வங்கி மூலமாகவே கட்டுங்கள். பில் தொலைந்தாலும் வங்கிக் கணக்கில் தேதியும் தொகையும் நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை பில்லைப் படம் எடுப்பது. என் வெள்ளைத் தாள்கள் நினைவிருக்கட்டும். பில்லையும் கட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிசை எண் தெரியும்படி ஒரே படமாக எடுத்து, மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்புங்கள்.

8. வீட்டில் ஒரு சோதனை

அட்டையில் மூடி வராத கட்டி வாங்கினால் இதைச் செய்து பார்க்கலாம். 0.1 கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு வேண்டும். ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வையுங்கள். எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். கட்டியைத் தையல் நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி இறக்குங்கள். அடியிலோ ஓரத்திலோ தொடக் கூடாது. நூலைக் கையில் பிடித்தபடியே இருக்க வேண்டும். கட்டியில் ஒட்டிய காற்றுக்குமிழிகளை ஒரு தட்டு தட்டி விடுங்கள்.

100 கிராம் சுத்த வெள்ளி என்றால் தராசு 9.5 என்று காட்டும். வெள்ளியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம், 100-ஐ அதால் வகுத்தால் வருவது 9.53. உள்ளே செம்பு இருந்தால் எண் 11 பக்கம் போகும். முதல் தடவை நான் செய்தபோது 10.4 வந்து பதறிப்போனேன். பார்த்தால் கட்டியின் மூலை டம்ளரைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்று தடவை செய்து மூன்றும் ஒன்றாக வந்தால் நம்புங்கள். சோதித்த பின் மெல்லிய துணியால் ஒற்றி, நன்றாக உலர்த்துங்கள்.

காந்தம் வைத்துப் பார்ப்பது பாதிச் சோதனைதான். காந்தம் ஒட்டினால் அது வெள்ளி இல்லை என்பது உறுதி. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று சொல்ல முடியாது. செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது.

9. வைக்கும் இடம்

தங்கத்தை விட வெள்ளி நிறைய இடம் பிடிக்கும் என்பார்கள். கட்டியாக வைத்தால் அவ்வளவு இல்லை. பத்துக் கிலோ வெள்ளி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவு இடத்தில் அடங்கும். எடைதான் பிரச்சினை. மர அலமாரியின் மேல்தட்டில் வைக்காதீர்கள்.

கறுப்பதற்குக் காரணம் காற்றில் இருக்கும் கந்தகம். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், செய்தித்தாளில் சுற்றாதீர்கள். இரண்டிலும் கந்தகம் உண்டு. காற்றுப் புகாத ஜிப் உறையில் தனித்தனியாகப் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைச் சேர்த்து மூடினால் போதும். கறுத்துவிட்டால் விபூதியோ பற்பசையோ போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க எடை குறையும், முத்திரை மங்கும். கறுப்பு வெள்ளியின் மதிப்பைக் குறைக்காது. கறுத்ததைக் காட்டிக் கழிவு கேட்டால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

அரைக் கிலோவுக்கு மேல் சேர்ந்தால் லாக்கர் பாருங்கள். வாடகையையும் சேமிப்புச் செலவில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கரில் இருப்பது போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். லாக்கருக்கு நாமினி போடுவதை அன்றே முடித்துவிடுங்கள்.

10. விற்கும் நாள்

விற்க முடிவு செய்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். முதலில் வாங்கிய கடைக்குத் தொலைபேசியில் கேளுங்கள், அப்புறம் இன்னும் இரண்டு கடைகள். கையில் ஆதார் நகல், பான், அசல் பில், அதன் அச்செடுத்த படம் இவை இருக்கட்டும். ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் பெரும்பாலான கடைகள் தருவதில்லை. மீதி வங்கியில் வரும். அதே நாளிலா, இரண்டு நாள் கழித்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிய பிறகு போனால் அந்த இரண்டு நாள் பெரிய தலைவலி.

எடை போடும்போது தராசு பூஜ்ஜியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பொருளை உங்கள் கண் முன்னால் மட்டும் சோதிக்கச் சொல்லுங்கள். “உள்ளே கொண்டுபோய் உருக்கிப் பார்த்துச் சொல்கிறோம்” என்றால், முத்திரையும் பில்லும் உள்ள கட்டிக்கு அது தேவையில்லை என்று சொல்லி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். உருக்கிவிட்டால் அவர்கள் சொல்வதுதான் எடை, அவர்கள் சொல்வதுதான் தரம். என் ஆறு முத்திரையில்லாக் காசுகளுக்கு அப்படித்தான் ஆனது. அறுபது கிராம் உள்ளே போனது, நாற்பத்தொன்பது கிராமுக்குப் பணம் வந்தது.

லாபத்துக்கு வரி உண்டு. வாங்கிய நாளிலிருந்து 24 மாதம் தாண்டி விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம், அதற்கு மேல் செஸ். அதற்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி அடுக்குப்படி வரி வரும். 23-வது மாதத்தில் இருக்கிறீர்கள், அவசரம் இல்லை என்றால் பில்லில் தேதியைப் பார்த்து ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். பல தேதிகளில் வாங்கியிருந்தால் எந்தக் கட்டி எந்தப் பில்லுக்கு உரியது என்று ஒவ்வொரு உறையின் மேலும் எழுதி வைத்திருக்க வேண்டும். நான் இப்போது ஜிப் உறையின் மேல் தேதி, எடை, பில் எண் மூன்றையும் மார்க்கரால் எழுதி, இதே மூன்றும் ஒரு நோட்டில் வரிசையாக இருக்கும்படி வைத்திருக்கிறேன். விற்ற ரசீதையும் அந்த நோட்டிலேயே ஒட்டிவிடுங்கள். ஜூலையில் வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைத்தான் முதலில் தேடுவீர்கள்.